லென்ஸுக்குப் பின்னால் ஒரு விசிட்டிங் கார்டு

புற ஊதா லேசரில் வேலை பார்த்த வருடங்களில் என் சட்டைப்பையில் எப்போதும் ஒரு விசிட்டிங் கார்டு இருந்தது. கற்றை எங்கே விழுகிறது என்று பார்க்கத்தான். வெள்ளைத் தாளுக்கு வெண்மை கூட்டச் சேர்க்கும் வேதிப்பொருள், புற ஊதா பட்டதும் நீலமாக மினுங்கும். கண்ணுக்கே தெரியாத ஒளியைப் பிடிக்க இதைவிட மலிவான கருவி கிடையாது.

நாங்கள் செய்தது ஓசோன் லிடாருக்கான, அதாவது லேசரை வானில் அனுப்பித் திரும்பும் ஒளியை வைத்து ஓசோனை அளக்கும் கருவிக்கான ஒளிமூலம். வானத்தை நோக்கி இரண்டு அலைநீளங்களை அனுப்ப வேண்டும். 289 நானோமீட்டரை ஓசோன் நன்றாக விழுங்கும், 299-ஐக் குறைவாக. திரும்பி வரும் இரண்டையும் ஒப்பிட்டால், எந்த உயரத்தில் எவ்வளவு ஓசோன் என்று தெரிந்துவிடும். அதற்கு அலைநீளத்தை நம் விருப்பப்படி நகர்த்த முடிகிற லேசர் வேண்டும். முன்பு சாயக் கரைசலிலிருந்து ஒளி தரும் சாய லேசர் வைத்திருந்தோம். நல்ல லேசர்தான், ஆனால் சாயம் கெட்டுக்கொண்டே இருக்கும். கரைப்பான் நாற்றம், ரோடமின் சாயக் கறை பிடித்த விரல்கள், அடிக்கடி திரவம் மாற்றுவது என்று பாதி நேரம் அதிலேயே போகும்.

அப்புறம் சீரியம் கலந்த லித்தியம் கால்சியம் அலுமினியம் ஃபுளோரைடு படிகம் வந்தது. நியோடிமியம் யாக் என்ற படிக லேசரின் அகச்சிவப்பு அலைநீளமான 1064 நானோமீட்டரை ஒரு படிகத்தில் பாதியாக்கினால் 532, பச்சை. பிபிஓ (பேரியம் போரேட்) படிகத்தில் அதையும் பாதியாக்கினால் 266. அதைச் சீரியம் படிகத்துக்குள் செலுத்தினால் 280-களிலிருந்து 310-ஐ ஒட்டிய இடம் வரை, முப்பட்டகத்தைத் திருப்பி வேண்டிய அலைநீளத்தை எடுத்துக்கொள்ளலாம். குழாயும் கிடையாது, பம்பும் கிடையாது. சீரிய அயனி கிளர்ந்த நிலையில் சுமார் 25 நானோ வினாடிதான் நிற்கும். அதனால் 266 துடிப்பும் அதே அளவுக்குக் குறுகியதாக இருந்தாக வேண்டும்.

செயல்திறன் என்று பேசும்போது பலர் கடைசிப் படிகத்தின் எண்ணை மட்டும் சொல்வார்கள். எனக்கு அதில் எப்போதும் ஒரு எரிச்சல். தொடக்கத்தில் 100 மில்லிஜூல் என்று வையுங்கள். பச்சையாவது 50. அதில் கால்வாசி 266 ஆனால் 12 சொச்சம். சீரியம் படிகம் அதில் கால்வாசியைத் திருப்பித் தந்தால் கையில் நிற்பது 3. இடையில் ஒரு கண்ணாடியின் மேல் கைரேகை இருந்தால் அதுவும் இல்லை. எண்ணெய்ப் பிசுக்கு, பசையிலிருந்து கசியும் ஆவி எல்லாவற்றையும் புற ஊதா அந்தப் பரப்பிலேயே சுட்டுப் பழுப்பாக ஒட்ட வைத்துவிடும்.

என்னுடைய பெரிய சறுக்கல் இதைவிட எளியது. ஒரு நாள் காலையில் சீரியம் லேசர் அடியோடு நின்றுவிட்டது. பிபிஓ கோணத்தைத் திருப்பினேன், வெப்பநிலையை மாற்றினேன், படிகத்தையே கழற்றித் துடைத்தேன். இரண்டு நாள் போயிற்று. லேசர் நிற்பதற்கு முந்தின மாலை ஒரு லென்ஸை மாற்றியிருந்தேன். 266 ஆக மாறாமல் மிச்சமிருந்த பச்சைக் கற்றை அதன் வழியே அழகாகப் போய் சரியான இடத்தில் விழுந்தது, நானும் திருப்தியாக வீட்டுக்குப் போனேன். மூத்தவர் வந்து, மேசையைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "இந்த லென்ஸை எந்த டிராயர்ல இருந்து எடுத்தீங்க?"

சாதாரண ஒளியியல் கண்ணாடி. பச்சைக்கு அது திறந்த வாசல், 266-க்குச் சுவர். புற ஊதாவையும் உள்ளே விடும் ஃப்யூஸ்ட் சிலிக்கா கண்ணாடி வைக்க வேண்டிய இடம் அது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. கார்டு என் பையில்தான் இருந்தது. ஆனால் இரண்டு நாளும் அதை லென்ஸுக்கு முன்னால் மட்டுமே நீட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த அவசரத்தில், சிதறும் ஒளிதானே என்று காப்புக் கண்ணாடியைச் சிறிது நேரம் கழற்றியும் வைத்தேன். அப்போது ஒன்றும் தெரியவில்லை. நள்ளிரவில் கண்ணுக்குள் மணலை அள்ளிக் கொட்டியது போல எழுப்பியது. கருவிழியின் மேல்தோல் வெந்திருக்கிறது என்றார் மருத்துவர். ஓரிரு நாளில் சரியாயிற்று, அந்த இரவு மறக்கவில்லை.

இப்போது அந்த இரண்டு டிராயர்களும் வெவ்வேறு அலமாரிகளில் இருக்கின்றன. புதிதாகச் சேர்ந்தவர்கள் "சார், லேசர் வரல" என்று வந்தால் நான் எழுந்துகூடப் போவதில்லை. கார்டை எடுத்துக் கொடுத்து, "லென்ஸுக்குப் பின்னாடி வெச்சுப் பாருங்க" என்கிறேன்.