கேட்காமல் விட்ட கேள்வி

மனநலப் பிரிவில் செவிலியராகச் சேர்ந்த காலத்தில், மனச்சிதைவு நோய் உள்ளவர்களின் விரல்களில் படிந்திருக்கும் பழுப்புக் கறையை நோயின் ஓர் அடையாளமாகவே எண்ணிப் பழகியிருந்தேன். இந்நோய் உள்ளவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் புகைப்பவர்கள் எனப் பல நாட்டு ஆய்வுகள் கூறுகின்றன. எங்கள் பிரிவிலோ புகைக்காதவரைத் தேட வேண்டியிருந்தது. மறுக்காமல் மாத்திரை விழுங்கியவருக்குப் பரிசாக ஒரு சிகரெட் கொடுக்கும் வழக்கமும் இருந்தது. நானும் கொடுத்திருக்கிறேன், இன்றும் மனம் உறுத்துகிறது.

“அவர்களுக்கு இருப்பது அந்த ஓர் ஆறுதல்தான்” என்போம். நிகோடின் சிறிது நேரம் கவனத்தைக் கூட்டுவது உண்மைதான். ஆனால் இவர்கள் பிறரைவிடப் பல ஆண்டுகள் முன்னதாகவே இறப்பதற்கு இதய நோயும் நுரையீரல் நோயும் பெருங்காரணங்கள் என்பதை நாங்கள் பேசியதே இல்லை.

என் எண்ணத்தை மாற்றியவர், மனச்சிதைவுக்கான க்ளோசபின் என்னும் மருந்தை எடுத்துக்கொண்டு தினமும் 2 பாக்கெட் புகைத்துவந்த ஒருவர். கால் எலும்பு முறிந்து வேறொரு வார்டில் 10 நாட்கள் புகைக்க வழியின்றிப் படுத்திருந்துவிட்டு எங்களிடம் திரும்பியபோது, எச்சில் வழிந்து தலையணை நனைந்திருந்தது, பேச்சு குழறியது, உட்கார்ந்தபடியே உறங்கினார். நோய் முற்றிவிட்டது என்றெண்ணி மருந்தைக் கூட்டலாமா என்றுகூட யோசித்தோம். இரத்தப் பரிசோதனையில் க்ளோசபின் அளவு ஏறக்குறைய இரு மடங்காகியிருந்தது.

சிகரெட் புகையிலுள்ள கரிமச் சேர்மங்கள் கல்லீரலில் ‘சிஒய்பி1ஏ2’ என்னும் நொதியைத் தூண்டி, க்ளோசபினையும் அதைப் போன்ற இன்னொரு மருந்தான ஒலான்சபினையும் விரைவாகச் சிதைக்கின்றன. புகை நின்றால் நொதி தணிகிறது, மருந்து உடலில் தேங்குகிறது, வலிப்புவரை கொண்டுபோய்விடலாம். இது நிகோடினின் வேலை அல்ல. ஆகவே நிகோடின் ஒட்டுப்பட்டை போட்டாலும் மருந்தளவைக் குறைத்தே ஆக வேண்டும். இதைப் பாடமாகப் படித்திருந்தும், படுக்கையருகே நின்றபோது எனக்குத் தோன்றவில்லை.

அளவைக் குறைத்தபின் தெளிந்த அவரிடம், மறுபடி புகைப்பீர்களா என்று தயங்கிக் கேட்டேன். “விட முடியுமான்னு இத்தனை வருஷத்துல யாரும் என்னைக் கேட்டதில்லையே சிஸ்டர்” என்றார்.

மனநோய் உள்ளவர்களையும் சேர்த்து 8,000-க்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்டு 2016-இல் வெளியான ஆய்வில், புகையை நிறுத்த உதவும் வரெனிக்லின் என்னும் மருந்து மனநலப் பாதிப்புகளைக் குறிப்பிடத்தக்க அளவில் கூட்டவில்லை எனத் தெரிந்திருந்தது. மருத்துவர் அவருக்கு அதைத் தொடங்கினார். இடையில் நோயாளி இருமுறை சறுக்கி மீண்டும் புகைத்தார்; மீண்டும் நிறுத்தினார்.

சில மாதங்கள் கழித்து வந்தவர் விரலை நீட்டினார். நகத்தின் அடிப்பாதி இளஞ்சிவப்பாக வளர்ந்திருந்தது. நுனிப்பாதியில் பழைய பழுப்பு. இரண்டுக்கும் நடுவிலிருந்த கோட்டைத் தொட்டு, “இங்கதான் நிறுத்தினேன்” என்றார்.