மஞ்சக் குருவி எல்லாம் கோல்ட்ஃபின்ச் இல்லைங்க

சென்னையில பெரும்பாக்கம், பள்ளிக்கரணை பக்கம் மஞ்சளா ஒரு குருவிய போட்டோ எடுத்துட்டு இது அமெரிக்கன் கோல்ட்ஃபின்ச்சானு நிறைய பேர் கேக்குறீங்க. அது வட அமெரிக்காவுல இருக்குற பறவைங்க, ஆணுக்கு நெத்தியும் றெக்கையும் கருப்பு, உடம்பு பூரா பளிச்னு மஞ்சள். நம்ம நாட்டுல கோல்ட்ஃபின்ச் பாக்கணும்னா இமயமலைக்குத்தான் போகணும், அது வேற வகை, அதுக்கு மூஞ்சி செவப்பா இருக்கும்.

நீங்க பாத்தது பெரும்பாலும் நம்ம தூக்கணாங்குருவிதான். தலையில மஞ்சத் தொப்பி, கண்ண சுத்தி கரும்பழுப்பு முகமூடி, தடிச்ச அலகு, முதுகுல கோடு கோடா இருக்கும், அதுவும் இனப்பெருக்க சீசன்ல ஆணுக்கு மட்டும்தான் இந்தக் கலர், பொட்டக் குருவி பாக்க சிட்டுக்குருவி மாதிரியே இருக்கும். நெஞ்சுலயும் கருப்புக் கோடு அழுத்தமா இருந்தா அது இன்னொரு வகை, அது தண்ணிக்குள்ள சம்புப் புல்லுல கூடு கட்டும், தூக்கணாங்குருவி பனையிலயும் ஈச்சமரத்துலயும் நீள வாசல் வச்சு தொங்கவிடும். பச்சைப் புல்ல நாரா கிழிச்சு ஆண் பாதிக் கூடு கட்டி வச்சுட்டு றெக்கைய படபடனு அடிச்சுக் கூப்புடும், பொட்டைக்குப் புடிச்சாத்தான் மீதியக் கட்டும், எவ்ளோ நேரம் பாத்தாலும் அலுக்காதுங்க!

போட்டோ போடும்போது எந்த மாசம், எந்த மரம்னு சேத்துப் போடுங்க. கூட்டுக்கிட்ட மட்டும் போயிடாதீங்க ப்ளீஸ்.