ஷட்டர் மெஷினை வீட்டிலேயே மாற்றுவது: முதலில் பீடிங்கைப் பாருங்கள்

காரின் ஷட்டர் (கதவுக் கண்ணாடி) சுவிச்சை அழுத்தினால் கதவுக்குள் 'உர்ர்' என்று மோட்டர் சுற்றுகிறது, கண்ணாடி அசையவில்லை. இல்லாவிட்டால் ஒரு பக்கம் சாய்ந்து பாதியில் நிற்கிறது. கராஜுக்குக் கொண்டுபோனால் "மோட்டர் போய்விட்டது, செட்டாக மாற்ற வேண்டும்" என்பார்கள். ஆனால் மோட்டர் சுற்றும் சத்தம் கேட்கிறதென்றால் பெரும்பாலும் மோட்டர் நன்றாகத்தான் இருக்கிறது. அறுந்தது கேபிள், அல்லது உடைந்தது கண்ணாடியைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் துண்டு.

அது ஏன் உடைந்தது என்று பார்க்காமல் புதிய ஷட்டர் மெஷினை (கண்ணாடியை ஏற்றி இறக்கும் அமைப்பை) பூட்டினால் அதுவும் நெடுநாள் தாங்காது. கொழும்பில் ஏசி போட்டே ஓடுவதால் பின் கதவு ஷட்டர்கள் மாதக்கணக்கில் திறக்கப்படுவதில்லை. வெயிலில் நிற்கும் காரின் றப்பர் பீடிங் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்கிறது. கண்ணாடி ஓடும் வாய்க்காலில் புழுதி இறுகிவிடுகிறது. கொழும்பில் கடலோரமாகச் செல்லும் காலி வீதிப் பக்கம் கடற்காற்று வாங்கும் கார்களில் உள்ளே இருக்கும் தகட்டுக்கும் துருப் பிடிக்கும். பிறகு ஒருநாள் யாரோ சுவிச்சை அழுத்த, மோட்டர் இழுக்கும் முழு விசையும் அந்தச் சின்னப் பிளாஸ்டிக் துண்டில் விழுகிறது. 2020 முதல் 2025 தொடக்கம் வரை இலங்கையில் தனியார் வாகன இறக்குமதி நின்றிருந்ததால் ஓடும் கார்களுக்கும் வயது கூடிவிட்டது.

சத்தமே இல்லையென்றால் கதவைக் கழற்றுவதற்கு முன் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. இரவில் உட்புற லைட்டைப் போட்டு, ஷட்டர் சுவிச்சை அழுத்திப் பிடியுங்கள். லைட் மங்கினால் மோட்டருக்குக் கரண்ட் போகிறது, ஆனால் ஏதோ இறுகிப்போயிருக்கிறது. மங்காவிட்டால் பியூஸ், சுவிச், வயர் என்ற வரிசையில் தேடுங்கள். பக்கத்துக் கதவு அதன் சொந்தச் சுவிச்சில் ஓடி, ட்ரைவர் பக்கச் சுவிச்சில் ஓடாவிட்டால் பிழை ட்ரைவர் சுவிச்சில். அதன் சொந்தச் சுவிச்சிலோ இரண்டிலுமோ ஓடாவிட்டால் ட்ரைவர் பக்கத்து ஷட்டர் லொக் பொத்தான் அழுந்தியிருக்கிறதா என்று பாருங்கள்; இதைப் பார்க்காமல் கதவைக் கழற்றியவர்கள் பலர். கதவுக்கும் கார் பொடிக்கும் (உடற்பகுதிக்கும்) இடையில் இருக்கும் றப்பர் குழாய்க்குள் வயர் மடிந்து மடிந்து உடைவதும் சாதாரணம், அதிகம் திறந்து மூடப்படும் ட்ரைவர் கதவில் முதலில். சுவிச்சை அழுத்தியபடி டோர் போர்ட்டை (கதவின் உட்பக்கப் பலகையை) கையால் தட்டும்போது மோட்டர் ஒருமுறை உயிர் பெற்றால், அதன் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது.

வேண்டிய கருவிகள்: 10 மி.மீ. சொக்கட், நட்சத்திர ஸ்குரூ ட்ரைவர், டோர் போர்ட் நெம்பும் பிளாஸ்டிக் தகடு, மல்டிமீற்றர், அகலமான மாஸ்கிங் டேப், மார்க்கர் பேனா. மாற்று கிளிப் ஐந்தாறு முன்னமே வாங்கி வையுங்கள், பழையவற்றில் குறைந்தது இரண்டு உடையும்.

டோர் போர்ட்டின் ஸ்குரூக்கள் ஒளிந்திருக்கும்: உள் கைப்பிடிக்குப் பின்னால் ஒரு சின்ன மூடியின் கீழ் ஒன்று, கதவை இழுக்கும் குழிக்குள் ஒன்று அல்லது இரண்டு. கண்ணாடியின் முன் மூலையில் இருக்கும் முக்கோண மூடியையும் எடுங்கள். பிறகு கீழ் விளிம்பிலிருந்து நெம்பித் தொடங்கி, கிளிப்புகள் விட்டதும் போர்ட்டை மேல்நோக்கித் தூக்குங்கள். வெளிப்பக்கமாக இழுத்தால் ஜன்னல் விளிம்பில் மாட்டியிருக்கும் கொக்கி உடையும். போர்ட் கைக்கு வந்ததும் நின்றுவிடாமல் பின்னால் இருக்கும் சுவிச் பிளக்கையும் கைப்பிடிக் கேபிளையும் கழற்றுங்கள். கைப்பிடிக் கேபிள் வளைந்தால் கதவு உள்ளிருந்து திறக்காது.

அடுத்தது கறுப்புப் பசையால் ஒட்டிய பொலித்தீன் ஷீட். கதவுக்குள் மழைத்தண்ணீர் போவது குறையல்ல, அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள்: கண்ணாடியோரம் உள்ளே இறங்கும் தண்ணீர் கதவின் அடித் துளைகளால் வெளியேறும். அந்தத் தண்ணீர் உள்ளே கார்ப்பெட்டுக்கு வராமல் தடுப்பது இந்த ஷீட்தான். கிழித்துவிட்டால் மழைக்காலத்தில் கால்மிதி நனையும். பசையைக் கத்தியால் மெதுவாக அறுத்து, பாதியை மட்டும் மேலே மடித்து டேப்பால் ஒட்டிவையுங்கள்.

கண்ணாடியை நகர்த்தும்போது மட்டும் சுவிச் பிளக்கைத் தற்காலிகமாக மாட்டி, கண்ணாடியின் இரு 10 மி.மீ. போல்ட்களும் துளைகளில் தெரியும் உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். சுவிச் வேலை செய்யாவிட்டால் மோட்டர் பிளக்கைக் கழற்றி, 12 வோல்ட் பற்றரியிலிருந்து பியூஸ் போட்ட வயரால் நேரே கொடுங்கள். எதிர்த்திசைக்கு வயர்களை மாற்றிப் பிடித்தால் போதும். இது பிளக்கில் இரு பின் (ஊசி) உள்ள மோட்டருக்கு மட்டும். ஐந்து, ஆறு பின் உள்ளவற்றுக்கு நேரே கொடுக்காதீர்கள். கை உள்ளே போகும்போது சுவிச் பிளக் கழன்றே இருக்கட்டும்.

போல்ட்களை எடுத்ததும் கண்ணாடியை மேலே தள்ளி, கதவுச் சட்டத்துக்கு மேலாக உள்ளும் வெளியுமாக நாலு பட்டி டேப் போடுங்கள். டேப்பை ஒட்டும் முன் ஒருமுறை கண்ணாடியை உள்ளங்கையால் ஏற்றி இறக்கிப் பாருங்கள். ஒரு கையால் மெதுவாக ஏறவேண்டும். இரு கையும் உடலும் சேர்ந்து தள்ள வேண்டியிருந்தால் குற்றவாளி வாய்க்கால்தான். பழைய டூத் பிரஷ்ஷால் புழுதியைத் துடைத்து, சிலிக்கன் ஸ்பிரே அடித்து, நாலைந்து முறை ஏற்றி இறக்குங்கள். கிரீஸ் போடாதீர்கள், புழுதி சேர்ந்து சேறாகும். பீடிங் கீறி வெடித்திருந்தால் அதையும் மாற்றுங்கள்.

மெஷினின் போல்ட் இருக்கும் இடங்களைச் சுற்றி மார்க்கரால் கோடு போட்டு, கழற்றி, பெரிய துளையால் திருப்பி எடுங்கள். கத்தரிக்கோல் போல் விரியும் வகை என்றால் ஒரு எச்சரிக்கை: அதன் சுருள் ஸ்பிரிங்கை அடக்கிவைத்திருப்பது மோட்டர். மோட்டரை மட்டும் தனியாகக் கழற்றினால் பல்லுக் கை துள்ளி விரலை நசுக்கும். பல் தகட்டையும் அடித்தகட்டையும் போல்ட்டால் இறுக்கிப் பிணைத்த பிறகே மோட்டரில் கைவையுங்கள். கேபிள் வகையில் அந்த ஆபத்து இல்லை, ஆனால் டிரம் மூடியைத் திறந்தால் கேபிள் விரிந்து சிக்காகிவிடும். முதலில் கேபிள் டையால் கட்டுங்கள். கேபிளை மட்டும் மாற்றுவது என் கணக்கில் நேரவிரயம். முனையை வீட்டில் ஒழுங்காக அழுத்திப் பிடிக்க முடியாது.

கொழும்பின் வாகன உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தைக்கு வெறுங்கையோடு போகாதீர்கள். பழைய மெஷினையும், சேசி நம்பரின் முன்பகுதியையும் (டொயோட்டா அக்ஸியோ என்றால் என்.இசட்.ஈ. 141 என்பதுபோல்) எடுத்துச் செல்லுங்கள். முன் பின், இடம் வலம் எல்லாம் வேறு வேறு. மோட்டர் பிளக்கில் இரு பின் இருப்பதும் ஐந்து, ஆறு பின் இருப்பதும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. கூடிய பின் உள்ளது ஓட்டோ வகை (சுவிச்சை ஒருமுறை அழுத்தினால் கண்ணாடி தானாக முழுக்க ஏறி இறங்குவது). பாவித்த சாமான் என்றால் கடையிலேயே பற்றரியில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். கேபிள் குழாயை விட்டு வெளிவரும் இடத்தை விரலால் தடவாமல் கண்ணால் பாருங்கள்: ஓரிரு நூல் பிரிந்து நின்றால் வாங்காதீர்கள், அது குத்தும், சீக்கிரம் அறும். சாமான் கிடைக்கும்வரை கண்ணாடியை மேலே நிறுத்த, கதவுக்குள் அளவாய் வெட்டிய மரக்கட்டையை அடியில் முட்டுக் கொடுக்கலாம்.

பூட்டும்போது போல்ட்களைக் கையால் மட்டும் திருகிவிட்டு, கண்ணாடியை உச்சிவரை ஏற்றுங்கள். அது வாய்க்காலில் தானாக நேராகும். அந்த நிலையில் கண்ணாடி போல்ட்களை இறுக்குங்கள், பலம் காட்டாமல்: மிகையாக இறுக்கினால் பிளாஸ்டிக் பிடி கீறும். மெஷின் ஓடும் தண்டவாளத்தில் (கண்ணாடி ஓடும் வாய்க்காலில் அல்ல) வெள்ளை லிதியம் கிரீஸ் மெல்லப் பூசலாம்.

டோர் போர்ட்டை மூடும் முன் ஷீட்டைத் திரும்ப ஒட்டி, கதவின் அடித்துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்துவிட்டு, கண்ணாடியோரம் ஒரு லீற்றர் தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் கீழே ஒழுகவேண்டும், ஷீட்டின் உள்பக்கம் கசியக்கூடாது. ஓட்டோ ஷட்டர் என்றால் இன்னொரு வேலை பாக்கி. டொயோட்டாவில் சுவிச் லைட் மின்னிக்கொண்டிருந்தால், கண்ணாடியைப் பாதி இறக்கி, சுவிச்சை மேல்பக்கம் இழுத்துப் பிடித்து, முழுக்க மூடிய பிறகும் இரண்டு மூன்று விநாடி விடாமல் வைத்திருங்கள். மின்னுவது நின்றதும் போர்ட்டை அழுத்திப் பூட்டலாம்.