வெளிநாட்டுக் கோடைகாலப் பாடநெறி: முதலில் விடுமுறைக் கடிதத்தைக் கையில் எடுங்கள்

பல்கலைக்கழகம் என்னை அலைக்கழிக்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐரோப்பாவில் உள்ள அந்தப் பல்கலைக்கழகம் நடத்திய கோடைகாலப் பாடநெறிக்கு இணையத்தில் விண்ணப்பித்தேன். சுகாதார சமத்துவமும், அதைத் தீர்மானிக்கும் சமூகக் காரணிகளும்தான் பாடம். பட்டச் சான்றிதழையும் பரிந்துரைக் கடிதங்களையும் ஏற்றினேன். இடம் கிடைத்தது. கட்டண விலக்குக் கேட்டு எழுதினேன், அதுவும் கிடைத்தது. என்னை வதைத்ததெல்லாம் நம் நாட்டுக்குள்ளேயே நடந்தது. மட்டக்களப்பு, அம்பாறை வைத்தியசாலைகளில் வேலை செய்யும் தாதிய உத்தியோகத்தர்கள் யாராவது அடுத்த ஆண்டு இதற்கு முயல்வதாக இருந்தால், இதை வாசித்துவிட்டு ஆரம்பியுங்கள்.

விண்ணப்பக் கட்டுரையைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இதே சமூகக் காரணிகளை ஆராய உலக சுகாதார நிறுவனம் 2005இல் அமைத்த ஆணைக்குழுவைப் பற்றியும், மைக்கல் மார்மட் தலைமையில் அது 2008இல் தந்த அறிக்கையைப் பற்றியும் எழுதும்படி பலர் சொன்னார்கள். அதை விண்ணப்பிக்கிற எல்லோரும் எழுதுவார்கள். நான் மண்டூர்–குருமண்வெளிப் பாதையைப் பற்றி, அதாவது ஆட்களை வாவிக்கு அக்கரை சேர்க்கும் மிதவைப் படகைப் பற்றி எழுதினேன். மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் இருக்கும் கர்ப்பிணி ஒருவர் களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலைக்குக் கிளினிக் வருவதென்றால் வாவியைக் கடக்க வேண்டும். காற்றும் மழையும் கடுமையானால் பாதை ஓடாது. பட்டிருப்புப் பாலத்தால் சுற்றி வர வேண்டும். கணவர் கூட வந்தால் அவருடைய அன்றைய கூலி போய்விடும். அந்தத் தாய் ஒரு கிளினிக்கைத் தவறவிட்டால் அட்டையில் 'வரவில்லை' என்று எழுதுகிறோம். எப்படி வருவாள் என்று அட்டையில் எழுத இடமில்லை. இவ்வளவுதான் என் கட்டுரை. நீங்களும் கண்ணால் கண்டதை எழுதுங்கள். அறிக்கைகளை அவர்கள் வாசித்துத்தான் இருக்கிறார்கள்.

இனி விடுமுறை விவகாரம். அரச ஊழியர் நாட்டை விட்டுப் போக முன் அனுமதி வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். எனக்குத் தெரியாமல் இருந்தது, சில வாரப் பாடநெறி ஒன்றை எந்தப் படிவத்தில் போடுவது என்று அலுவலகத்திலும் யாருக்கும் தெரியாது என்பதுதான். "இது படிப்பா, பயணமா?" என்று கேட்டார் முகாமைத்துவ உதவியாளர். படிப்பு என்றேன். "படிப்பென்றால் பட்டப்பின் படிப்புக்குத்தான் படிவம் இருக்கிறது" என்றார். சரி, பயணம் என்று போடலாமா என்று கேட்டால், "படிக்கப் போகிறவர் பயணம் என்று எப்படிப் போடுவது?" என்றார். கோப்பை வாங்கி வைத்துக்கொண்டார். அதன் பிறகு எப்போது தொலைபேசியில் கேட்டாலும் ஒரே பதில்: "மேலே போயிருக்கிறது."

இரவுக் கடமை முடிந்து, நித்திரையில்லாத கண்ணோடு ஒருநாள் நேரே போய் நின்றேன். கோப்பு மேலே போகவில்லை. பச்சை நாடா கட்டியபடி யன்னலோரம், நான் கொடுத்த அன்று வைத்த அதே இடத்தில் இருந்தது. அதன் மேல் வேறு யாரோ ஒருவருடைய இடமாற்ற விண்ணப்பங்கள். ஏன் போகவில்லை என்று கேட்டால், "செலவை யார் பொறுப்பேற்கிறார்கள் என்று பல்கலைக்கழகக் கடிதத்தில் இல்லையே" என்றார். அதை முதல் நாளே சொல்லியிருந்தால் முதல் நாளே கேட்டிருப்பேன். அன்று மாலை மின்னஞ்சல் அனுப்பினேன். மறுநாள் காலையில் திருத்திய கடிதம் வந்துவிட்டது. ஒரு வரிக்காக இத்தனை வாரம் முடங்கிக் கிடந்திருக்கிறது என்பதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

கோப்பை நகர்த்தியது அதே அறையில் மூலையில் இருந்த இன்னொரு அக்கா. அரச ஊழியருக்கான விதிகள் அடங்கிய தாபனக் கோவையை எடுத்து வைத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, படிப்பு என்றே போடுங்கள். கட்டணம் விட்டுத்தந்த கடிதத்தை எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள். கீழே வைத்தால் ஒருவரும் பார்க்க மாட்டார்கள்" என்றார். குறிப்பையும் தன் கையாலேயே எழுதினார். அவர் அன்று விடுப்பில் இருந்திருந்தால் நான் இந்தப் பாடநெறியைப் படித்திருக்க மாட்டேன்.

ஆகவே, விண்ணப்பத்தைக் கொடுக்கும்போதே உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். கோப்பு இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். செலவு யாருடையது, திகதி எது முதல் எது வரை, திரும்பி வந்து கடமை ஏற்பீர்களா, மூன்றும் ஒரே கடிதத்தில் இருக்கட்டும். இன்னொன்று, இதுதான் மிக முக்கியம்: அனுமதிக் கடிதத்தை ஆங்கிலத்தில் தரும்படி விண்ணப்பத்திலேயே எழுதுங்கள்.

ஏனென்றால் கொழும்பிலிருந்து எனக்கு வந்த கடிதம் முழுக்க முழுக்கச் சிங்களத்தில் இருந்தது. 1987இல் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியானது. தமிழில் விண்ணப்பித்தவருக்குத் தமிழிலோ ஆங்கிலத்திலோ ஒரு பக்கம் எழுத இன்னும் ஆளில்லையா? அந்தக் கடிதத்தையும் தூக்கிக்கொண்டு, வாங்கிவைத்த விசா நேரத்தைத் தவறவிடக் கூடாதென்று இரவு பஸ் ஏறினேன். விடியப் புறக்கோட்டையில் இறங்கி, முகம் கழுவி, விசா நிலையத்தில் போய் இருந்தேன். கவுண்டரில் இருந்த பெண் கடிதத்தைப் பார்த்தார். ஆங்கிலம் பின்பக்கம் இருக்குமோ என்று திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. ஒன்றும் பேசாமல் கடிதத்தை என் பக்கம் தள்ளினார். வங்கிக் கூற்றும் போதாதாம். இணையத்தில் எடுத்தது சரிவராது, ஒவ்வொரு பக்கத்திலும் கிளையின் முத்திரை வேண்டுமாம். அன்றிரவே திரும்பி பஸ்.

கொழும்பில் வீடு இருப்பவருக்கு இது ஒரு காலைப்பொழுது. எனக்கு இரண்டு இரவும், ஒரு விடுமுறை நாளும், பஸ் காசும். சிங்களத்திலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரைத் தேடிப் பிடித்து முடிப்பதற்குள், அடுத்த விசா நேரம் கிடைக்குமா என்ற பயத்தில் சாப்பாடு இறங்கவில்லை. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். கடைசி வாரங்களுக்கு விடாதீர்கள். கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ, மறுத்தாலும் திரும்பி வராது. மருத்துவக் காப்புறுதி 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது. முதல் தடவை என்றால் விரல் ரேகை கொடுக்க நேரில் போயே ஆக வேண்டும், ஆகவே ஒரே பயணத்தில் முடியும்படி கோப்பை ஆயத்தம் செய்யுங்கள். விசா கைக்கு வந்தபோது விமானத்துக்கு மிகச் சில நாட்களே இருந்தன.

பாடநெறி நன்றாக இருந்தது. பிரித்தானிய அரச ஊழியர்களிடம் 1967இல் தொடங்கிய ஆய்வு என் மனதில் ஆழமாகப் பதிந்தது. அவர்கள் யாரும் பட்டினி கிடந்தவர்கள் அல்லர், எல்லோருக்கும் இலவச வைத்தியம் இருந்தது. இருந்தும் பதவியில் கீழே இறங்க இறங்க இதயநோய் மரணம் கூடிக்கொண்டே போயிருக்கிறது. ஒருநாள் விரிவுரையாளர், குறைந்த செலவில் நல்ல சுகாதாரம் கண்ட நாடுகளென்று 1985ஆம் ஆண்டு ஆய்வொன்றைக் காட்டினார். சீனா, கொஸ்தாரிக்கா, கேரளம், அவற்றோடு இலங்கை. பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் சும்மா இருக்க முடியவில்லை. கையை உயர்த்தி, நாட்டின் சராசரி நல்லதுதான், அந்தச் சராசரிக்குள் எங்கள் படுவான்கரை தெரியாது என்றேன். பலகையில் வாவியை வரைந்து, பாதை ஓடும் இடத்தையும் பாலத்தையும் குறித்துக் காட்டச் சொன்னார்கள். வரைந்தேன். வேல்ஸில் சுரங்கத் தொழிலாளர் ஊரில் வைத்தியம் பார்த்த ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971இல் எழுதியதை விரிவுரையாளர் அங்கேயே இணைத்துச் சொன்னார்: நல்ல வைத்தியம், அது அதிகம் தேவைப்படுகிற மக்களுக்கே குறைவாகக் கிடைக்கிறது. ஆங்கிலத்தில் தட்டுத் தடுமாறிப் பேசியும் அன்று என் ஊர் அந்த வகுப்புக்குத் தெரிந்தது. பட்ட பாடெல்லாம் அந்த ஒரு மணித்தியாலத்துக்குத் தகும்.

திரும்பி வந்து கடமை ஏற்றதும் அலைச்சல் முடிந்ததென்று நினைத்துவிடாதீர்கள். பாடநெறியை முடித்த சான்றிதழின் மூலப்பிரதி இல்லாமல் விடுமுறையை ஒழுங்குபடுத்த முடியாதென்று என் சம்பளத்தில் ஒரு பகுதியை நிறுத்திவைத்தார்கள். பல்கலைக்கழகம் மின்னஞ்சலில்தான் சான்றிதழ் தருகிறது, காகிதத்தில் தருவதில்லை. இதைப் புறப்படும் முன்னரே கேட்டு, கையொப்பமிட்ட காகிதப் பிரதி ஒன்றைக் கையோடு வாங்கி வாருங்கள். நான் எழுதிக் கேட்டு, அவர்கள் தபாலில் அனுப்பி, அதை அதே அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். நிலுவைச் சம்பளம் இந்த மாதம்தான் வந்தது.