அவர் யாருக்குப் பிரதிநிதி?

மாணவர் குறைதீர் குழுவின் கூட்டம் முடிந்தபோது மாணவப் பிரதிநிதி என்னிடம் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில் விதிப்படி சரியானதுதான் என்று இன்றும் என்னால் வாதிட முடியும். பலமுறை எனக்குள்ளேயே வாதிட்டும் இருக்கிறேன். ஆனாலும் அந்த உரையாடல் மனத்தைவிட்டு அகலவில்லை.

"இங்க எடுத்த முடிவை அந்த வகுப்புல மத்தவங்களுக்கும் சொல்லலாமா, சார்?" என்று கேட்டார். "இங்க பேசினது இங்கயே இருக்கட்டும்மா" என்றேன். "அப்ப நான் யாருக்குப் பிரதிநிதி, சார்?" என்றார். "நீ இந்தக் குழுவோட உறுப்பினர். குழுவுக்குன்னு ஒரு கட்டுப்பாடு இருக்கு." அதற்கு அவர், "உறுப்பினர் இல்லையே சார், சிறப்பு அழைப்பாளர்தானே" என்றார். குரலில் கோபமோ துடுக்கோ இல்லை. விதியைப் படித்துவிட்டு வந்திருந்தார், அவ்வளவுதான்.

அவர் சொன்னது உண்மை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி குறைதீர் குழுவில் தலைவரும் உறுப்பினர்களும் ஆசிரியர்கள். மாணவர் ஒருவர் சிறப்பு அழைப்பாளர். கூட்டம் நடக்கத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கையில்கூட அவர் சேரமாட்டார். அவரை மாணவர்கள் தேர்ந்தெடுப்பதில்லை. படிப்பிலோ விளையாட்டிலோ பிற செயல்பாடுகளிலோ சிறந்து விளங்குபவரை நாங்கள் நியமிக்கிறோம். மாணவர் சங்கத் தேர்தல்கள் பற்றி 2006இல் உச்ச நீதிமன்றம் நடைமுறைப்படுத்தச் சொன்ன லிங்டோ குழுவின் பரிந்துரைகளோ, அமைதியாகத் தேர்தல் நடத்த இயலாத வளாகங்களில் மட்டும் இடைக்கால ஏற்பாடாக நியமனத்தை அனுமதித்தன. அதிலும் மதிப்பெண்ணை மட்டுமே அளவுகோலாகக் கொள்ள வேண்டாம் என்று அறிவுறுத்தின. எங்கள் பிரதிநிதி அவருடைய துறையில் முதல் மாணவி. அவரை நியமிப்பதற்கான குறிப்பை எழுதியவன் நான்தான்.

புகார் அகமதிப்பீட்டு மதிப்பெண் பற்றியது. சிறிய முதுகலை வகுப்பொன்றின் மாணவர், தனக்கு மதிப்பெண் குறைக்கப்பட்டதாகவும், விடைத்தாளைக் கேட்டும் ஆசிரியர் காட்டவில்லை என்றும் எழுதியிருந்தார். துறையிலிருந்து வரவழைத்த விடைத்தாளைக் குழுவின் முன் வைத்தோம். முதல் பக்கத்தில் பன்னிரண்டு என்று எழுதி, அதைச் சிவப்பு மையால் அடித்து, மேலே ஒன்பது என்று எழுதியிருந்தது. திருத்தியவரின் சுருக்கொப்பம் இல்லை. உள்பக்கங்களில் எந்த விடைக்கு மதிப்பெண் குறைந்தது என்பதற்கான குறியும் இல்லை. பிரதிநிதி அந்தத் திருத்தத்தின் மேல் விரலை வைத்து, "மத்தவங்க பேப்பரும் இப்படித்தான் இருக்கும், சார்" என்றார். புகார் ஒருவருடையது, அதற்குள் நின்று முடிவெடுப்போம் என்றார் தலைவர். விடைத்தாளை அந்த மாணவரிடம் காட்ட வேண்டும், வேறோர் ஆசிரியர் மீண்டும் மதிப்பிட வேண்டும் என்று பரிந்துரைத்தோம். பரிந்துரை உரிய அதிகாரிக்கும் அதன் நகல் புகார் கொடுத்தவருக்கும் போயின. விதி கேட்பது அவ்வளவே.

நான் ஏன் சொல்ல வேண்டாம் என்றேன்? புகார் கொடுத்த மாணவர், தன் பெயர் வெளியே வரக் கூடாது என்று மன்றாடியிருந்தார். அடுத்த பருவத்தில் அதே துறையில்தான் அவருடைய ஆய்வேடும் வாய்மொழித் தேர்வும். அவ்வளவு சிறிய வகுப்பில் தீர்ப்பைச் சொன்னால் பெயரைச் சொன்னதுபோலத்தான். இதை நினைக்கும்போதெல்லாம் என் பதிலில் பிழையில்லை என்று தோன்றுகிறது. உடனே இன்னொன்றும் தோன்றுகிறது. புகார் கொடுத்தவர் யார் என்பது அந்த ஆசிரியருக்குத் தெரியும், ஏனென்றால் அவரிடம் விளக்கம் கேட்டிருந்தோம். துறைத்தலைவருக்கும் தெரியும். அந்த மாணவர் அஞ்சக்கூடியவர்கள் எல்லாருக்கும் தெரிந்த ஒன்றை, அவருக்குத் துணை நிற்கக்கூடியவர்களிடமிருந்து மட்டும் மறைத்துவைத்தோம். நான் காத்த ரகசியம் யாருக்குப் பாதுகாப்பாக இருந்தது என்று அப்போது நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தாலும் வேறு பதில் சொல்லியிருப்பேனா என்பது தெரியவில்லை.

பிரதிநிதி தேர்ந்தெடுக்கப்பட்டவராக இருந்திருந்தால் பதில் மாறியிருக்குமா என்றும் எண்ணிப் பார்த்தேன். பாலியல் துன்புறுத்தல் புகார்களுக்கான உள்ளகப் புகார் குழுவில், விவகாரம் மாணவர் தொடர்பானதாக இருந்தால் மூன்று மாணவர்கள் இடம்பெற வேண்டும், அவர்கள் தேர்தல் வழியே வர வேண்டும் என்கின்றன மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள். அவர்களும் வாய் திறக்கக் கூடாதவர்களே. ஆகவே வாக்கு பெற்று வந்தவர் எல்லாவற்றையும் சொல்லலாம் என்றாகாது. ஆனால் அங்கே தீங்கு ஒருவருக்கு நேர்ந்தது. ஒரு வகுப்பின் விடைத்தாள்கள் திருத்தப்பட்ட முறையில் கோளாறு இருந்தால் அது வகுப்பு முழுவதற்கும் நேர்ந்த தீங்கு. முன்வந்து எழுதியவருக்கு மட்டும் நிவாரணம் கொடுத்து மற்றவர்களுக்கு அதைத் தெரியாமல் வைப்பது நீதிதானா என்பதே அந்தப் பெண்ணின் கேள்வி. அதற்கு நான் ரகசியத்தைப் பற்றிப் பதில் சொன்னேன்.

சில வாரங்களில் அதே வகுப்பைச் சேர்ந்த வேறு சிலர் தங்கள் விடைத்தாள்களைப் பார்க்க வேண்டும் என்று துறைக்கு விண்ணப்பித்தார்கள். குழுவில் நடந்தது வெளியே கசிந்திருக்கிறது, யார் என்று விசாரிக்க வேண்டும் என்று துறைத்தலைவரிடமிருந்து கடிதம் வந்தது. நான் கோப்பில் குறிப்பு எழுதினேன்: மதிப்பிடப்பட்ட விடைத்தாளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்த் தேர்வர் பார்வையிடலாம் என்று உச்ச நீதிமன்றம் 2011இலேயே கூறியிருக்கிறது, உரிமையுள்ள ஒன்றைக் கேட்பதற்கு எவரும் எதையும் கசியவிட்டிருக்க வேண்டியதில்லை, ஆதாரம் ஏதும் இல்லாததால் மேல்நடவடிக்கை தேவையில்லை. தலைவர் கையெழுத்திட்டார். கோப்பு மூடப்பட்டது.

அந்தக் குறிப்பின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நான் பொறுப்பேற்பேன். எனினும் ஆதாரம் இல்லாமல் போனதற்கு நான் தேடாததும் ஒரு காரணம். பிரதிநிதியை அழைத்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவர் உண்மையைச் சொல்லியிருப்பார் என்றே நம்புகிறேன். சொல்லியிருந்தால், கட்டுப்பாடு இருக்கிறது என்று அவரிடம் சொன்ன நானே அதை மீறியதற்காக அவர்மேல் நடவடிக்கை எடுக்க வேண்டி வந்திருக்கும். அதைத் தவிர்த்தது நியாயம் என்று என் மனம் சொல்கிறது. ஒருவருக்காகக் கண்ணை மூடிக்கொள்ளும் நிர்வாகம் நாளைக்கு இன்னொருவருக்காகவும் மூடிக்கொள்ளும் என்பதையும் இத்தனை ஆண்டு கோப்பு பார்த்தவனாக அறிவேன்.

புகார் கொடுத்த மாணவர், மறுமதிப்பீட்டு ஆணையைப் பெற அலுவலகத்துக்கு வந்தார். "எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு, சார்" என்றார். வருத்தமா, ஆறுதலா என்று எனக்குப் புரியவில்லை. மற்றவர்கள் விண்ணப்பித்ததால் தான் தனித்துத் தெரியவில்லை என்று நிம்மதி அடைந்தாரோ, நம்பிச் சொன்ன இடம் காப்பாற்றவில்லை என்று நொந்துபோனாரோ, எதுவாக இருந்தாலும் கேட்க வேண்டியது என் கடமை என்று பிறகுதான் தோன்றியது. அதற்குள் அவர் படிப்பை முடித்துப் போய்விட்டார்.

குழுவின் அறிக்கையை இரண்டு பகுதிகளாக எழுதலாம் என்று தலைவரிடம் ஒரு யோசனை வைத்தேன். புகார்தாரருக்கான நிவாரணம் மறைவாக இருக்கட்டும். திருத்தினால் சுருக்கொப்பம் வேண்டும், கேட்டால் விடைத்தாளைக் காட்ட வேண்டும் என்பன போன்ற பொது வழிமுறைகளைப் பெயரோ துறையோ குறிப்பிடாமல் அனைவருக்கும் அறிவிக்கலாம். அதைக் கொண்டுபோகும் பொறுப்பை மாணவப் பிரதிநிதிக்கே கொடுக்கலாம். தலைவர் மறுக்கவில்லை, ஏற்கவும் இல்லை. ஒரு தாளுக்கு மட்டும் விளக்கம் சொன்ன ஆசிரியரை, கேட்காமலே மற்ற தாள்களுக்கும் குற்றவாளியாக்கும் பொது அறிவிப்பு ஆகிவிடாதா என்று கேட்டார். அந்தக் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. பருவத்தின் தொடக்கத்தில் எல்லாத் துறைகளுக்கும் சேர்த்து அறிவித்தால் அந்தச் சிக்கல் வராது என்றேன். அடுத்த கூட்டத்தில் பார்ப்போம் என்றார்.

இப்போது புதிய பிரதிநிதியை நியமிக்கும் நேரம். அவருடைய பொறுப்புகளை விளக்கும் குறிப்பைத் தயாரிக்கச் சொல்லியிருக்கிறார்கள். ரகசியம் பற்றிய பத்தியை இருவிதமாக எழுதிவைத்திருக்கிறேன்: குழுவில் நடப்பது எதையும் வெளியே பேசக் கூடாது என்பது ஒன்று, புகார்தாரரை அடையாளம் காட்டும் எதையும் பேசக் கூடாது, மற்றவற்றை மாணவர்களிடம் எடுத்துச் சொல்வது அவருடைய கடமை என்பது மற்றொன்று. எதை அனுப்புவது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.