கட்டிலடியிலிருந்து ஜன்னல் வரை: கருப்பி தேறிய 11 நாள்

வீடு மாறிய அன்று, கூண்டைத் திறந்ததும் என் பூனை கருப்பி கட்டிலுக்கு அடியில் ஓடிச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். காது இரண்டும் படிந்து, கண்ணெல்லாம் கருமணியாக, வாலை உடம்போடு இறுக்கிச் சுற்றியபடி. முன்பொரு முறை இப்படி ஒளிந்தவளை இழுத்து மடியில் வைத்துத் தடவினேன். அப்புறம் இரண்டு நாள் என்னைக் கண்டாலே ஓடினாள். இந்தத் தடவை தொடாமல், பார்த்து எழுதிவைப்பது என்று ஒரு நோட்டு போட்டேன்.

மதிப்பெண் போட, கெஸ்லர், டர்னர் என்ற ஆய்வாளர்கள் 1997-இல் வெளியிட்ட, பூனைகளுக்கான மன அழுத்த அளவுகோல். வயிறு, கால், வால், கண்மணி, காது, மீசை எல்லாம் பார்த்து 1 முதல் 7 வரை போடவேண்டும். 7 என்றால் உச்ச மிரட்சி.

முதல் நாள் – 6. கட்டிலருகே ஓர் அட்டைப்பெட்டியைப் படுக்கவைத்து, அவள் பழைய துணியைத் துவைக்காமல் உள்ளே விரித்தேன். துவைத்தால் அவள் வாசனை போய்விடும். பெட்டி யோசனை, நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தார் 2014-இல் வெளியிட்ட ஆய்வில் படித்தது. காப்பகத்துக்கு வந்த 19 பூனைகளில் 10-க்கு மட்டும் ஒளியப் பெட்டி கொடுத்தார்கள். அவை முதல் சில நாளிலேயே தேறின; 2 வாரத்தில் மற்றவையும் அதே நிலைக்கு வந்தன. எப்படியும் தேறிவிடும்தானே என்று எனக்கு விட மனம் வரவில்லை. அந்த இடைப்பட்ட நாள்களைப் பயந்தபடி கழிப்பது அவள் அல்லவா?

2-ஆம் நாள் – 5. தின்னவே இல்லை. பூனை ஒரு நாளுக்கு மேல் பட்டினி கிடந்தால் மருத்துவரைக் கேட்டுவிடவேண்டும்; நீடித்தால் கல்லீரலில் கொழுப்பு சேரும். போனை கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நள்ளிரவில் கிண்ணம் நகரும் சத்தம். அப்படியொரு நிம்மதி!

4-ஆம் நாள் – 4. தரையில் படுத்து, முறைக்காமல், கண்ணை மெல்லச் சுருக்கி மூடித் திறந்தேன். மூன்றாம் முறை அவளும் பாதி மூடினாள்.

5-ஆம் நாள் மேல்மாடியில் டிரில் சத்தம். மறுபடி 6. ஆனால் இம்முறை பெட்டிக்குள் ஓடினாள். நான் அசையாமல் கவனித்ததில் இந்த நோட்டிலேயே முக்கியமான குறிப்பு கிடைத்தது: நக்குவதில் இரண்டு வகை. சத்தம் நின்றவுடன் முன்னங்காலில் ஒரே இடத்தை வெடுக்கென்று நாலு நக்கு, நிறுத்தி, காதைத் திருப்பிக் கேட்பாள், மறுபடி நாலு. அது பதற்றம். 40 நிமிடம் கழித்து உடம்பை ஓர் உதறு உதறி, முதுகை வளைத்துச் சோம்பல் முறித்து, தோளிலிருந்து வால் வரை நிதானமாக நக்க ஆரம்பித்தாள். முன்பெல்லாம் அந்த முதல் வகை நக்குதலைப் பார்த்ததுமே சரியாகிவிட்டாள் என்று கையை நீட்டிவிடுவேன்.

8-ஆம் நாள் மேசைக்காலில் கன்னத்தைத் தேய்த்தாள். தன் வாசனையைப் பூசுகிறாள்.

11-ஆம் நாள் – 2. ஜன்னலோரம், வயிறு தெரியப் பக்கவாட்டில் தூக்கம்.

கூண்டைக் கண்டால் மட்டும் இன்னும் சுற்றிப் போகிறாள். நாளை முதல் அதன் கதவைக் கழற்றி, துணியை உள்ளே விரித்து, அறையிலேயே வைக்கப்போகிறேன்.