புகை என்று எழுதாதீர்கள், அடிக்கணக்கு எழுதுங்கள்

கடலூரில் எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒருவருடைய தென்னந்தோப்பு இருக்கிறது. தோப்பின் மேற்கு வேலியை ஒட்டி வரிசையாகக் கீற்று வீடுகள், கடைசியில் எங்கள் ஓட்டு வீடு. விழுந்த மட்டை, பாளை, பன்னாடை எல்லாவற்றையும் வேலி ஓரம் குவித்துக் கொளுத்துவது தோப்புக்காரரின் வழக்கம்.

கேட்டால், "காத்து கடல் பக்கம்தானே போவுது தம்பி, உங்களுக்கு என்ன?" என்பார். காலையில் அது உண்மைதான். கோடையில் காலை முழுக்க மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று. மதியம் கடல்காற்று ஏறியதும் திசை அப்படியே திரும்பிவிடும். அதற்குள் அவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்திருப்பார். மேலே சாம்பல் பூத்து அணைந்தது போலத் தெரியும் குவியல் உள்ளே கனன்றுகொண்டிருக்கும். காற்று பட்டதும் பன்னாடைத் துண்டுகள் ஓரம் சிவந்து எழும்பும். கனமே இல்லாத பொருள், எரிந்துகொண்டே வேலியைத் தாண்டும். அப்படி ஒன்று பக்கத்து வீட்டு அக்காவின் கூரையில் விழுந்து, கையகலத்துக்குக் கீற்று கருகிவிட்டது. குடத்துத் தண்ணீரை வீசி அணைத்தார். அதற்கு நேர் கீழேதான் கேஸ் சிலிண்டர்.

அன்று மாலையே தெருவில் சிலர் சேர்ந்து போய்ப் பேசினோம். "எங்க அப்பா காலத்துலேர்ந்து இங்கதான் கொளுத்துறோம். சாம்பல் மரத்துக்கு நல்லது" என்றார். சரி, இது பேச்சில் தீராது என்று புரிந்தது.

திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் நாள். வெளியே மனு எழுதித் தருபவரிடம் அக்கா, "புகையில புள்ளைங்களுக்கு ஒரே இருமல்" என்று ஆரம்பித்ததும் அவர் பேனாவை மூடிவிட்டார். "புகைன்னு எழுதினா பத்தோட பதினொண்ணா போயிடும்மா. நெருப்புக்கும் கூரைக்கும் எத்தனை அடி? அதைச் சொல்லு." முழு விவகாரத்திலும் உருப்படியான ஆலோசனை இதுதான். இருபது அடிகூட இல்லை என்று எழுதினார். எத்தனை கூரை, காற்று எப்போது திரும்புகிறது, எல்லாம் வரிசையாக வந்தது. கருகிய கூரையின் படத்தையும் இணைத்தோம். இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 287-ஆவது பிரிவையும் அவரே சேர்த்தார்: நெருப்பை அஜாக்கிரதையாகக் கையாண்டு உயிருக்கு ஆபத்து உண்டாக்கினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

நகல்களை மாநகராட்சிக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் காவல் நிலையத்துக்கும் கொடுத்தோம். காவல் நிலையத்தில் எஃப்.ஐ.ஆர். வேண்டாம், மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் போதும் என்றோம். நாளைக்கும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க வேண்டுமே.

மாநகராட்சியிலிருந்து வந்தவர், திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 என்று பசுமைத் தீர்ப்பாயம் 2016-லேயே உத்தரவிட்டிருப்பதைச் சொன்னார். தோப்புக்காரர் அதற்கெல்லாம் அசரவில்லை. தீயணைப்பு நிலையத்திலிருந்து வந்தவர் அதிகம் பேசவே இல்லை. முந்தின நாள் சாம்பலில் ஒரு குச்சியை விட்டுக் கிளறினார். உள்ளே செக்கச்செவேலென்று கங்கு. "நேத்து அணைச்சிட்டேன்னு சொன்னீங்களே ஐயா?" என்று மட்டும் கேட்டார். தோப்புக்காரர் வாய் திறக்கவில்லை.

கொளுத்தாதே என்றால் போதுமா, அத்தனை மட்டையை அவர் எங்கே போடுவார்? அதற்கு வழி சொன்னவர் அந்தத் தோப்பிலேயே மரம் ஏறுகிறவர். மட்டையை வெட்டி மரத்தைச் சுற்றி வட்டப்பாத்தியில் மூடாக்காகப் போடலாம், உரிமட்டையைக் குழிந்த பக்கம் மேலே பார்க்கப் புதைத்தால் ஈரம் நிற்கும் என்றார். அவர் சொன்னதால்தான் எடுபட்டது. நாங்கள் சொல்லியிருந்தால் நடந்திருக்காது.

இப்போது வேலி ஓரம் நெருப்பு இல்லை. தோப்புக்காரர் என்னிடம் மட்டும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, அக்காவிடம் பேசுகிறார். போகிக்கு என்ன செய்வாரோ தெரியாது. மறுபடி கொளுத்தினால் அடுத்த மனு கோட்டாட்சியருக்கு, தொல்லையை அகற்ற உத்தரவிடும், குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் 152-ஆவது பிரிவின் கீழ். சி.எஸ்.ஆர். ரசீதை அதற்காகத்தான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.